கேரவன் இழுத்துக்கொண்டு அவுட்பேக் ஊர்களுக்கு: முதல் முறை செல்வோருக்கான படிகள்

எங்கள் முதல் கேரவன் (காரின் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டுவண்டி) பயணம் நாற்பது கிலோமீட்டருக்குள் முடிந்தது. சிட்னியின் மேற்குப் புறநகரிலிருந்து காலையில் புறப்பட்டு, நண்பர் ஒருவர் வற்புறுத்தியதால் வழியில் இருந்த பொது எடைமேடையில் வண்டியை ஏற்றினோம். அனுமதிக்கப்பட்டதைவிட 190 கிலோ கூடுதலாக இருந்தது. அப்படியே திரும்பி வந்தோம். மறுமுறை கிளம்ப ஆறு வாரங்கள் ஆயின. அந்த ஆறு வாரங்களில் நான் கற்றவற்றைத்தான் இங்கே வரிசைப்படுத்தியிருக்கிறேன். ஆஸ்திரேலியாவுக்குப் புதிதாக வந்து, கார் ஓட்டப் பழகிவிட்டு, இனி அவுட்பேக் எனப்படும் வறண்ட உள்நாட்டைப் பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது பயன்படும்.

1. பாதையையும் மாதத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

முதல் பயணத்துக்கு முழுவதும் தார் போட்ட சாலையையே தேர்ந்தெடுங்கள். நாங்கள் சென்றது சிட்னி, டப்போ, நிங்கன், கோபார், வில்கானியா, புரோக்கன் ஹில் வழியாகத் தெற்கு ஆஸ்திரேலியாவின் பீட்டர்பரோ வரை. நிங்கனில் தொடங்கும் பேரியர் நெடுஞ்சாலை செம்மண் சமவெளியின் நடுவே போகிறது. ஆனால் சக்கரம் மண்ணைத் தொடவேண்டிய அவசியம் இல்லை. வில்கானியாவிலிருந்து வடக்கே சுமார் 95 கிலோமீட்டர் தொலைவில், கோடை வெப்பத்துக்கு அஞ்சி மக்கள் நிலத்தடியில் வீடு குடைந்து வாழும் ஒயிட் கிளிஃப்ஸ் என்ற, ஓப்பல் ரத்தினக்கல் தோண்டும் ஊருக்கும் தார்ச்சாலை உண்டு. புரோக்கன் ஹில்லிலிருந்து சில்வர்டன் 25 கிலோமீட்டர்தான்.

ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களே உகந்தவை. கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவது அங்கே வாடிக்கை. ஜூன், ஜூலை இரவுகளில் குளிர் பூச்சியத்தை நெருங்கும் என்பதால் கம்பளிகளுக்கு இடம் ஒதுக்குங்கள். பள்ளி விடுமுறை வாரங்களைக் கூடியவரை தவிர்க்கவும். அண்மை ஆண்டுகளில் ஆகஸ்டில் சில்வர்டன் அருகே நடக்கும் முண்டி முண்டி இசைவிழாவின்போது புரோக்கன் ஹில்லிலும் சுற்றுவட்டாரத்திலும் ஓர் இடமும் கிடைக்காது. அந்த வாரத்தின் தேதியைப் பார்த்துவிட்டே உங்கள் தேதியைக் குறியுங்கள்.

ஒரு நாளைக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் திட்டமிடாதீர்கள். சாலைப் பலகையில் 110 என்று எழுதியிருந்தாலும், நிறுத்தங்களையும் சேர்த்துப் பார்த்தால், கேரவனோடு உங்கள் சராசரி வேகம் மணிக்கு 75 கிலோமீட்டரை ஒட்டியே இருக்கும்.

2. உங்கள் உரிமம் இழுவைக்கு இடம் தருகிறதா என்று பாருங்கள்

சாதாரண கார் உரிமமே கேரவன் இழுக்கப் போதும். தனித் தேர்வு எதுவும் இல்லை. ஆனால் நம்மவர்கள் சிக்கிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. நியூ சவுத் வேல்ஸில் வெளிநாட்டு உரிமத்தை மாற்றும்போது, முன்பு எத்தனை ஆண்டுகள் உரிமம் வைத்திருந்தீர்கள் என்பதற்குச் சான்று காட்டாவிட்டால், புதிய ஓட்டுநர்களுக்கான சிவப்பு ‘பி’ பலகை உரிமம் உங்கள் கைக்கு வரக்கூடும். அந்த உரிமத்தில் வெற்றெடை 250 கிலோவுக்கு மேற்பட்ட எந்த இழுவண்டியையும் இழுக்க அனுமதி இல்லை. மிகச் சிறிய கேரவன்கூட அதைத் தாண்டிவிடும். ஆகவே பழைய உரிமத்தைத் தூக்கிப் போடாதீர்கள். முதல் வழங்கல் தேதி தெரியும் ஆவணத்தை ஊரிலிருந்து வரவழைத்து வையுங்கள்.

சுற்றுலா விசாவில் வரும் உறவினர் தம் நாட்டு உரிமத்தோடு ஓட்டலாம். அது ஆங்கிலத்தில் இல்லாவிட்டால் அங்கீகரிக்கப்பட்ட மொழிபெயர்ப்போ பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியோ உடன் வேண்டும். குடியேறியவர்கள் சில மாதங்களுக்குள் உள்ளூர் உரிமத்துக்கு மாறிவிட வேண்டும். கெடு விசா வகையைப் பொறுத்தது.

3. வாடகையா, விலைக்கா என்பதைத் தீர்மானியுங்கள்

ஆண்டுக்கு இரண்டு வாரத்துக்குக் குறைவாகப் பயணம் செய்வீர்கள் என்றால் வாடகைக்கே எடுங்கள். இது என் உறுதியான கருத்து. எஞ்சிய ஐம்பது வாரங்கள் கேரவனை எங்கே நிறுத்துவது என்ற கேள்விக்கு வாடகை வீட்டில் இருப்பவர்களிடம் விடை இருக்காது.

வாடகை ஒப்பந்தத்தில் மூன்று வரிகளைத் தேடிப் படியுங்கள். முதலாவது, தார் இல்லாத சாலையில் செல்லலாமா என்பது. பெரும்பாலான நிறுவனங்கள் முகாம்களுக்குச் செல்லும் சிறு தொலைவை மட்டும் அனுமதிக்கின்றன. இரண்டாவது, ஊருக்கு வெளியே அந்தி முதல் விடியல் வரை ஓட்டக்கூடாது என்ற விதி. அதை மீறி விலங்கின்மேல் மோதினால் காப்பீடு செல்லாது. மூன்றாவது, வேறு வண்டி சம்பந்தப்படாமல் உங்கள் வண்டி மட்டும் கவிழ்ந்தால் யார் பொறுப்பு என்பது. அவுட்பேக்கில் நேரக்கூடிய விபத்துகள் பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தவை என்பதால், இதைக் கேட்காமல் முன்பணம் கட்டாதீர்கள்.

பழையதை விலைக்கு வாங்குவதானால், பணம் கொடுக்கும் முன் சட்டக எண்ணை வைத்து பி.பி.எஸ்.ஆர். என்ற அரசுப் பதிவேட்டில் தேடுங்கள். கட்டணம் 2 டாலர். வண்டிமேல் கடன் இருந்தால் அங்கே தெரிந்துவிடும். வாங்கிய 14 நாட்களுக்குள் பதிவை உங்கள் பெயருக்கு மாற்றாவிட்டால் தாமதக் கட்டணம் விழும். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட கேரவனுக்கு ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனைச் சான்று, பேச்சுவழக்கில் ‘பிங்க் ஸ்லிப்’, தேவைப்படும். வேறு மாநிலத்தில் பதிவான கேரவன் மலிவாகக் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். அதற்கு ‘புளூ ஸ்லிப்’ என்ற விரிவான சோதனை வேண்டும், அதைச் செய்யும் பட்டறையில் நேரம் கிடைக்கவே எனக்கு இரண்டு வாரம் ஆயிற்று.

4. எடைக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள்

இந்தப் படியில் சற்று நிதானமாக நில்லுங்கள். மற்ற எதில் தவறினாலும் பணம் போகும். இதில் தவறினால் கேரவன் காரை ஆட்டத் தொடங்கிவிடும்.

கேரவனின் தகட்டில் இரண்டு எண்கள் இருக்கும். டேர் என்பது வெற்றெடை. ஏ.டி.எம். என்பது சாமான்களோடு அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை. பெயர்தான் பணம் தரும் இயந்திரத்தினுடையது, வேலை பணத்தை வாங்குவது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதே நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. எங்கள் கேரவனில் டேர் 2,080 கிலோ, ஏ.டி.எம். 2,500 கிலோ; ஆக 420 கிலோ ஏற்றலாம் என்று நம்பினேன். ஆனால் முந்தைய உரிமையாளர் தகடு அடித்த பிறகு ஒரு பெரிய வெய்யில் கூரையும், இரண்டாவது பேட்டரியும், பின்புறச் சட்டமும் பொருத்தியிருந்தார். விற்றவர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அந்தக் கூடுதல் எடை தகட்டில் ஏறாது. உங்கள் 420 கிலோவிலிருந்துதான் கழியும். அதன்பின் இரண்டு தொட்டிகளிலும் சேர்த்து 160 லிட்டர் தண்ணீர், அதாவது 160 கிலோ. எரிவாயு உருளைகள், கட்டில் விரிப்புகள், பாத்திரங்கள், பத்து கிலோ அரிசி, என் மாமியார் விட்டுவர மறுத்த இட்லி மாவரைக்கும் கிரைண்டர் என்று அடுக்கியதில் 190 கிலோ எல்லை மீறியது.

காரின் பக்கத்திலும் இரண்டு எண்கள் உண்டு. ஜி.வி.எம். என்பது ஆட்களும் சாமான்களும் ஏறிய காரின் அதிகபட்ச எடை. ஜி.சி.எம். என்பது காரும் கேரவனும் சேர்ந்த அதிகபட்ச எடை. விளம்பரங்களில் 3,500 கிலோ இழுக்கும் என்று பெரிய எழுத்தில் போடுகிறார்கள். காரை முழுதாக நிரப்பிவிட்டு 3,500 கிலோ இழுத்தால், பல வண்டிகளில் ஜி.சி.எம். தாண்டிவிடும் என்பது கையேட்டின் உள்ளே சிறிய எழுத்தில் இருக்கும்.

பலரும் மறப்பது டோபால் எடையை. கேரவனின் மூக்கு காரின் பின்புற இணைப்புக் குண்டின்மேல் அழுத்தும் எடை அது. கேரவனின் மொத்த எடையில் சுமார் பத்து விழுக்காடு இருப்பது நல்லது. குறைந்தால் கேரவன் வாலாட்டும், மிகுந்தால் காரின் முன்சக்கரங்கள் பிடியை இழக்கும். 2,500 கிலோ கேரவனுக்கு இது 250 கிலோ. அந்த 250 கிலோவும் காரின் ஜி.வி.எம். கணக்கில் சேரும் என்பதை மறவாதீர்கள்.

கணக்குப் போட்ட பிறகு, பயணத்துக்கு ஏற்றுவதைப் போலவே எல்லாவற்றையும் ஏற்றி, குடும்பத்தாரையும் அமர்த்தி, எடைமேடைக்குச் செல்லுங்கள். காரை மட்டும் ஒரு முறை, கேரவனை மட்டும் ஒரு முறை, இரண்டையும் சேர்த்து ஒரு முறை நிறுக்கச் சொல்லி, அச்சிட்ட சீட்டை வாங்கிக் காரின் முன்பெட்டியில் வையுங்கள். கூடுதலாக இருந்தால் முதலில் தண்ணீரைக் குறையுங்கள்; பிறகு கனமானவற்றைச் சக்கர அச்சுக்கு மேலே தாழ்வாக மாற்றுங்கள். கேரவனின் கடைக்கோடியில் கனம் வைப்பதுதான் ஆட்டத்துக்கு முதல் காரணம்.

பிரேக் விதிகளும் எடையைச் சார்ந்தவையே. 750 கிலோவைத் தாண்டினால் கேரவனுக்குச் சொந்த பிரேக் கட்டாயம். சக்கரங்கள் தாங்கும் எடை 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக்கும், இணைப்பு அறுந்தால் தானே பிரேக் போடும் அமைப்பும் வேண்டும். காருக்குள் மின் பிரேக் கட்டுப்படுத்தி பொருத்த நான் சென்ற பட்டறையில் 600 டாலர் ஆயிற்று. அதோடு கேரவனின் மின்செருகியும் காரின் துளையும் ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள். ஒன்றில் ஏழு முனையும் மற்றதில் பன்னிரண்டு முனையும் இருந்தால் இடையில் ஒரு மாற்றி வாங்க வேண்டும்.

5. காப்பீட்டையும் சாலை உதவியையும் கேரவனுக்குத் தனியாகக் கேளுங்கள்

காரின் விரிவான காப்பீடு கேரவனுக்கு நேரும் சேதத்தைப் பொதுவாக ஏற்காது, அல்லது மிகச் சிறு தொகையோடு நிறுத்திக்கொள்ளும். தனிப் பாலிசி எடுங்கள். மாநில வாகனச் சங்கத்தின் சாலை உதவித் திட்டத்திலும் அடிப்படை நிலை போதாது. எத்தனை கிலோமீட்டர் இழுத்துச் செல்வார்கள், கேரவனையும் சேர்த்தா, பழுது நீங்கும் வரை தங்கும் செலவு உண்டா என்று மூன்றையும் எழுத்தில் பெறுங்கள். வில்கானியாவுக்கும் கோபாருக்கும் நடுவே நின்றுவிட்டால், இலவச இழுவை என்று சொன்ன முதல் இருபது கிலோமீட்டர் உங்களை எந்த ஊருக்கும் கொண்டுசேர்க்காது.

நியூ சவுத் வேல்ஸில் ஆம்புலன்ஸ் இலவசம் இல்லை. அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் அதன் செலவை ஏற்பதும் இல்லை. தனியார் மருத்துவக் காப்பீட்டில் ஆம்புலன்ஸ் சேர்ந்திருக்கிறதா, அது மாநில எல்லை தாண்டியும் செல்லுமா என்று கேளுங்கள். ஊரிலிருந்து வந்த பெற்றோரை அழைத்துச் சென்றால் அவர்களுக்குப் பயணக் காப்பீடு இல்லாமல் கிளம்பவே கூடாது.

6. தங்குமிடங்களைப் பதிவு செய்யுங்கள்

கேரவன் பூங்காக்களில் மின்வசதி உள்ள இடத்துக்கு நாங்கள் ஓர் இரவுக்கு 35 முதல் 48 டாலர் வரை கொடுத்தோம். சிற்றூர்களின் கண்காட்சித் திடல்களில் அதைவிடக் குறைவு. சில ஊர்களில் இலவச முகாம்களும் உண்டு. ஆனால் கழிப்பறையும் கழிவுநீர்த் தொட்டியும் வண்டியிலேயே உள்ளவர்களுக்கு மட்டும் என்று பலகை வைத்திருப்பார்கள். அந்தக் கழிவை அதற்கென அமைத்த ‘டம்ப் பாயின்ட்’டில்தான் கொட்ட வேண்டும். அடுத்தது எங்கே இருக்கிறது என்பதை விக்கிகேம்ப்ஸ் செயலியில் பார்த்து, வரைபடத்தை இணையம் இல்லாமலும் திறக்கும்படி முன்பே இறக்கி வையுங்கள்.

கேரவனின் மின்செருகி 15 ஆம்பியர். வீட்டுத் துளை 10 ஆம்பியர். நடு முனை பெரிதாக இருப்பதால் வீட்டில் செருக முடியாது. அதை அரத்தால் தேய்த்துச் செருகுவோர் இருக்கிறார்கள். அது சட்டப்படியும் தவறு, தீயையும் அழைத்து வரும்.

புரோக்கன் ஹில் நியூ சவுத் வேல்ஸில் இருந்தாலும் தெற்கு ஆஸ்திரேலியாவின் நேரத்தையே பின்பற்றுகிறது; சிட்னியைவிட அரைமணி நேரம் பின்தங்கியது. ஈயச் சுரங்க ஊர் என்பதால், வெளியே விளையாடிய குழந்தைகளுக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவிவிடச் சொல்லி அங்கே அறிவுறுத்துகிறார்கள். அதைக் கடைப்பிடியுங்கள்.

7. எரிபொருள், தண்ணீர், தொலைபேசி

தனியாக ஓடும்போது 100 கிலோமீட்டருக்கு 10 லிட்டர் டீசல் குடித்த எங்கள் கார், கேரவனோடு 17 லிட்டர் குடித்தது. எதிர்க்காற்று வீசிய ஒரு நாளில் 20. ஆகவே தொட்டியின் கொள்ளளவை ஐந்தால் பெருக்கினால் வரும் கிலோமீட்டரே உங்கள் பாதுகாப்பான தொலைவு. கோபாருக்கும் வில்கானியாவுக்கும் இடையே சுமார் 260 கிலோமீட்டர். நடுவே இருப்பது எம்டேல் சாலைவிடுதி ஒன்றே. வில்கானியாவிலிருந்து புரோக்கன் ஹில் 195 கிலோமீட்டர். பாதித் தொட்டி இருக்கும்போதே, விலை பார்க்காமல், கண்ட இடத்தில் நிரப்புங்கள். போக வர, ஒயிட் கிளிஃப்ஸையும் சேர்த்து 3,100 கிலோமீட்டருக்கு 527 லிட்டர் ஆயிற்று. சராசரியாக லிட்டருக்கு 2.10 டாலர் கொடுத்ததில் டீசலுக்கு மட்டும் ஏறத்தாழ 1,100 டாலர்.

குழாயைக் கண்டதும் குடிக்காதீர்கள். குடிநீர் அன்று என்ற பலகை பல இடங்களில் இருக்கும். தொட்டியை நம்பாமல், குடிப்பதற்கென்று 20 லிட்டர் கேன் இரண்டைத் தனியே வையுங்கள். தண்ணீர் பிடிக்க உணவுத் தரக் குழாயும் கழிவுக்கு வேறு குழாயும் வேண்டும்; இரண்டையும் ஒரே பெட்டியில் சுருட்டி வைக்காதீர்கள்.

தொலைபேசிக்கு டெல்ஸ்ட்ராவின் வலையமைப்பே அங்கே மிகப் பரந்தது. இருந்தும் ஊரைத் தாண்டினால் நீண்ட தொலைவுக்குச் சிக்னல் வராது. அக்டோபர் 2024 இறுதியில் டெல்ஸ்ட்ராவும் ஆப்டஸும் 3ஜி சேவையை நிறுத்திவிட்டதால், ஊரிலிருந்து கொண்டுவந்த பழைய கைபேசியில் அவசர அழைப்பு 000 செல்லுமா என்று சரிபாருங்கள். வண்டிக்கு வண்டி பேசிக்கொள்ள உதவும் யு.எச்.எஃப். இருவழி வானொலி ஒன்று கட்டாயம் வாங்குங்கள். லாரி ஓட்டுநர்கள் அலைவரிசை 40இல் பேசுவார்கள், கேரவன்காரர்கள் 18இல், 5உம் 35உம் அவசரத்துக்கு மட்டும்.

8. சாலையில் நடந்துகொள்ளும் முறை

புறப்பட்டு 50 முதல் 100 கிலோமீட்டருக்குள் நிறுத்திச் சக்கர மரைகளை மீண்டும் இறுக்குங்கள். எரிவாயு வால்வை மூடிவிட்டே ஓட்டுங்கள். ஓடும் கேரவனுக்குள் யாரும் இருக்கக்கூடாது. குழந்தை உறங்குகிறது என்பது காவலரிடம் செல்லாது. காரும் கேரவனும் சேர்ந்த அனுமதி எடை 4.5 டன்னைத் தாண்டினால் நியூ சவுத் வேல்ஸில் உச்ச வேகம் 100தான்.

கேரவன் ஆடத் தொடங்கினால் காரின் பிரேக்கை மிதிக்காதீர்கள். முடுக்கியிலிருந்து மெதுவாகக் காலை எடுத்து, கட்டுப்படுத்தியிலுள்ள கைப்பொத்தானால் கேரவனின் பிரேக்கை மட்டும் அழுத்துங்கள். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறதென்று கண்ணை மூடிக்கொண்டு தொடப் பழகுங்கள்.

சாலைத்தொடர் எனப்படும் பல பெட்டி லாரிகள் 53.5 மீட்டர் நீளம் வரை இருக்கும். ஒன்று உங்களை முந்த வந்தால் வேகத்தைக் கூட்டவும் வேண்டாம், ஓரத்து மண்ணில் இறங்கவும் வேண்டாம். நேராக, ஒரே வேகத்தில் செல்லுங்கள். அது பக்கத்துக்கு வந்தபின் சற்றே வேகத்தைக் குறைத்தால் போதும். சாலையோரக் கம்பங்களில் பச்சை ஒளிர்வில்லைகள் தெரிந்தால் அது லாரிகளுக்கான ஓய்விடம். அங்கே தேநீர் போடாதீர்கள்.

மாலை நான்கு மணிக்குள் நிறுத்திவிடுங்கள். அந்திக்குமேல் கங்காருக்கள் வரும். பேரியர் நெடுஞ்சாலையில் பகலிலேயே ஈமுக்களும் காட்டு ஆடுகளும் குறுக்கே வரும். நேர்கோட்டில் பிரேக் போடுங்கள். திடீரென வளைத்தால் கேரவன் கவிழும். எதிரே வரும் ஓட்டுநர் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கினால் அது வணக்கம். நீங்களும் தூக்குங்கள்.

மழை பெய்தால் கிளைச்சாலைகளை மூடிவிடுவார்கள். மூடிய மண்சாலையில் சென்றால் அபராதம் உண்டு. காலையில் புறப்படுமுன் அரசின் சாலை நிலவரத்தைப் பார்த்துவிட்டுக் கிளம்புவதே வழக்கமாகட்டும்.

9. ஊட்லா விர்ராவுக்கு முன் காய்கறிகளை முடித்துவிடுங்கள்

புரோக்கன் ஹில்லுக்கும் பீட்டர்பரோவுக்கும் இடையே ஊட்லா விர்ராவில் தெற்கு ஆஸ்திரேலியாவின் தாவரத் தடுப்புச் சோதனை நிலையம் இருக்கிறது. பழ ஈயைத் தடுப்பதற்காக வண்டியின் குளிர்பெட்டி வரை திறந்து பார்ப்பார்கள். பழங்கள் மட்டும்தான் என்று நினைத்து நாங்கள் ஆரஞ்சை எல்லாம் தின்று தீர்த்தோம். ஆனால் தக்காளி, பச்சை மிளகாய், கத்தரிக்காய், குடமிளகாய் எல்லாமே பழ ஈ தங்கும் பட்டியலில் உள்ளவை. கடையில் வாங்கிய ரசீது இருக்கிறது என்று சொல்வதால் பயனில்லை. மறைத்தோ மறந்தோ கொண்டுசென்றால் அங்கேயே பல நூறு டாலர் அபராதம்.

எனவே புரோக்கன் ஹில்லில் தங்கும் கடைசி இரவில் எஞ்சிய காய்களை எல்லாம் குழம்பாக்கிவிடுங்கள். சமைத்ததற்குத் தடை இல்லை. மீந்தவற்றைச் சோதனை நிலையத்துக்கு முன்பே வைத்திருக்கும் தொட்டியில் போடுங்கள். கேரவனின் மேல் அலமாரி, கார்க்கதவின் பை, குழந்தைகளின் பள்ளிப்பை மூன்றையும் தேடுங்கள். எங்கள் வண்டியில் கடைசி நேரத்தில் மூன்று பச்சை மிளகாய் அகப்பட்டது கிரைண்டரின் கல்லுக்கு அடியில்.